பின் சீட்டு இல்லாத வண்டி

பன்னெண்டு அடிச்சு அஞ்சு நிமிசம். புதன்கெழமை ராகு காலம் பன்னெண்டுக்கு ஆரம்பிச்சு ஒன்றரைக்கு முடியுது. ஒன்றரை வரைக்கும் டோக்கன் அட்வான்சு குடுக்க முடியாது, சாவி வாங்க முடியாது, ஒண்ணும் பண்ண முடியாது. அப்பாடா. கண்ணாடியக் காணோம்னு ஊட்டுல முக்கா மணி நேரம் தேடுனது வீண் போகல. கண்ணாடி என்ற சட்டைப் பாக்கெட்டுலதான் இருந்துச்சு, அது எனக்கும் தெரியும், அந்தப் பாக்கெட்டுக்கும் தெரியும். என்ற சம்சாரம் சாந்தாமணிதான் தேடு தேடுன்னு தேடுனா, ஃப்ரிட்ஜைக் கூடத் தொறந்து பாத்தா, பாவம். பாவம் என்ன பாவம்? அம்பத்தி மூணு வயசுப் பொம்பளை, இருபத்தஞ்சு வருசம் பிளஸ் டூ பசங்களுக்குக் கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுத்துட்டு ஓய்வு வாங்கி ஊட்டுல உக்காந்தவ, காசிக்குப் போலாம்னு சொன்னாளா, வளையல் வேணும்னு சொன்னாளா, ரெண்டே ரெண்டு சீட்டு இருக்கற ரேஸ் காரு வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை ஓட்டறதுக்காமா. ஆனைகட்டி வரைக்கும், ஆழியாறு வரைக்கும். புதுசு கூட வேண்டாமா, எவனோ ஓட்டி விட்ட பழைய வண்டி போதுமா. ஊட்டுல ஏழு பேரு உக்கார்ற வண்டி ஒண்ணு நிக்குது, அதுக்கு டிரைவர் கனகராசு நிக்கறான், அது பத்தாதாமா. "பின்னாடி சீட்டே இருக்கக் கூடாதுங், எனக்கு அதுதான் முக்கியம்"னா. அந்த வார்த்தைய நான் கேட்டு இன்னையோட பதினேழு நாளு. ரெண்டு சீட்டுல ஒண்ணு அவளுக்கு. இன்னொண்ணு ஆருக்கு? பதினேழு நாளா இந்த ஒரு கேள்விதான் என்னைப் போட்டு அரைக்குது. கிரைண்டர் கம்பெனி வெச்சிருக்கறவன் நானு, எது எவ்வளவு நேரம் அரைபடும்னு எனக்குத் தெரியும், இது நிக்கவே மாட்டேங்குது.

நஜீர் பாயோட யார்டு இது. அவிநாசி ரோட்டுல இருந்து உள்ள தள்ளி, தகரக் கொட்டாய்க்குக் கீழ நாப்பது வண்டி நிக்குது. எனக்கு ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டு, ஃபேனை என்ற பக்கம் திருப்பி விட்டு, "ராகு காலம்னா ராகு காலம்தான் சார், நம்மகிட்ட வர்றவங்க எல்லாருமே பாக்கறாங்க, டீ சாப்பிடுங்க"ன்னுட்டுப் போனாரு. எதுக்கால, என்ற கண்ணுக்கு நேரா, ரெண்டு வண்டி. ஒண்ணு மஞ்சள், மேல துணிக் கூரை. இன்னொண்ணு சாம்பக் கலரு, பட்டன அமுக்குனா தகரக் கூரை தானா மடிஞ்சு டிக்கிக்குள்ள போயிருது. ரெண்டுல ஒண்ணு எடுக்கோணும். ரெண்டும் பத்து வருசம் ஓடுனது, ரெண்டும் தரையோட தரையாக் கெடக்குது, நம்மூரு ஸ்பீட் பிரேக்கர்ல வயிறு தட்டாம ஒருத்தன் ஓட்டிட்டான்னா அவனுக்கு மாலையே போடலாம். மஞ்ச வண்டிக்குள்ள தலைய விட்டுட்டு நிக்கறானே, அவன் மோகனசுந்தரம். சாந்தாமணிக்கு அத்தை பையன். முறை மாப்பிள்ளை. அவ தலையெழுத்து கொஞ்சம் கோணி இருந்தா இன்னைக்கு அவன் இந்தச் சேர்ல உக்காந்திருப்பான், நான் எங்கியோ இருந்திருப்பேன். சின்ன வயசுல ரேஸ் ஓட்டுனவன், ஒருக்காக் கவுந்து கால்ல பிளேட் வெச்சவன், இப்பப் பீளமேட்டுல ஒர்க்‌ஷாப். சம்சாரம் தவறி நாலு வருசம் ஆச்சு. அந்தம்மா இருந்த வரைக்கும் எனக்கு ஒண்ணும் இல்ல. சாவுக்குப் போயி மாலையப் போட்டுட்டுத் திரும்பறேன், மனசுல மொதல்ல தோணுனது, "இனி இவன் தனியாளு"ன்னு. எழவு ஊட்டுல நின்னு இப்படி நெனச்சவன் மனுசனான்னு கேட்டா, இல்லதான், ஒத்துக்கறேன். அவன் என்னைப் பங்காளின்னு கூப்புடுவான். முறைப்படி அது செரி, ஒரே பொண்ணைக் கட்டற முறை இருக்கற ரெண்டு ஆம்பளைங்க ஒருத்தனுக்கொருத்தன் பங்காளிதான். பங்காளிக் காய்ச்சல்னு பெரியவங்க சும்மாவா பேரு வெச்சாங்க? எனக்கு இருபத்தெட்டு வருசமாக் காய்ச்சல், இன்னும் எறங்குன பாடு இல்ல.

"அம்மிணி, இங்க வந்து பாரு, இந்தச் சத்தத்தக் கேளு"ங்கறான். அம்மிணியாமா. கட்டுன நானே அவள அம்மிணின்னு கூப்புட்டதில்ல, அதென்னமோ வாயில வராது, சாந்தான்னுதான் வரும். அவன் இஞ்சினை முறுக்கறான், கொட்டாயே அதிருது, அவ கண்ண மூடிட்டு ஒரு பாட்டுக் கேக்கற மாதிரி நிக்கறா. அப்படி ஒரு மூஞ்சிய நான் எங்க பாத்தேன்? இருக்கட்டும். கல்யாணத்தன்னைக்கு ஒருக்காப் பாத்தேன், அப்பவும் எதுக்கால நின்னது இவன்தான். தாலி கட்டி முடிஞ்சு பொண்ணக் கூட்டிட்டுப் பொறப்படறோம், வாடகை அம்பாசடர்ல, நானே ஓட்டறேன்னு முன்னாடி ஏறி உக்காந்தாச்சு, கதவு சாத்தியாச்சு, வண்டி நகர மாட்டேங்குது. என்னன்னு பாத்தா முன்னாடி இவன் ரெண்டு கையையும் விரிச்சுட்டு நிக்கறான். முறைக்காரன் மறிக்கறது அவிங்க பக்கத்து வழக்கமாமா. சொந்தம் இல்லாத அசல்ல இருந்து வந்து எங்க பொண்ணத் தூக்கிட்டுப் போறீங்களே, எங்களுக்கு என்ன மரியாதைன்னு கேக்கோணுமாமா. வெத்தலை பாக்கு, தேங்காய் பழம் வெச்ச தட்டக் குடுத்தா விலகிருவானாமா. எங்க மாமா தட்டக் குடுத்தாரு. இவன் வாங்கித் தலைக்கு மேல தூக்கிக் காட்டிட்டு, குனிஞ்சு ஜன்னல் வழியா என்னையப் பாத்து, "பத்தரமா ஓட்டிட்டுப் போங்க பங்காளி"ன்னுட்டு விலகுனான். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. விளையாட்டுத்தான். ஆனா விலகறதுக்கு அவனுக்கு ஒரு உரிமை இருந்துச்சு பாருங்க, அதுதான் என்ற தொண்டையில முள்ளா நின்னுருச்சு. ஏதோ அவன் பெரிய மனசு பண்ணி விட்டுக் குடுத்த மாதிரி. நான் என்ன கோயில் பிரசாதமா வாங்கிட்டு வந்தேன்?

பன்னெண்டே முக்கா. ஃபேன் பொழுதன்னைக்கும் கர்ரு கர்ருங்குது. டீ ஆறிப் போச்சு. இந்த முட்டி வேற. இடது முட்டி, ஆறு மாசமா மடக்குனா நீட்ட முடியல, நீட்டுனா மடக்க முடியல. ஊட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. ஆபீஸ் ரூம் கதவச் சாத்திட்டு மதியானம் தைலம் தேச்சுக்குவேன், அம்பத்தெட்டு வயசுல நொண்டறான்னு பேரு எடுக்கறதுக்கா பொறந்தோம்? அதுவும் இப்ப, அவ காரு ஓட்டப் பழகிட்டுச் சிட்டாப் பறக்கற நேரத்துல. காரு பழகுன கதை அது ஒரு தனிக் கதை. ரெண்டு வருசம் முன்னாடி, காலங்காத்தால வாக்கிங் போறேன் வாக்கிங் போறேன்னு ஷூ மாட்டிட்டு மூணு மாசம் போனா. ஒரு நாள் பீரோவுல என்ற வேட்டியத் தேடறப்ப லைசென்ஸ் கெடைக்குது, அவ போட்டோ ஒட்டி! நான் ஒண்ணும் கேக்கல. கேக்காம அடுத்த நாளே அவ போன ரோட்டுல ஒரு டீக்கடையில போயி உக்காந்துட்டேன், இன்னும் எதாச்சும் பழகறாளா, ஆரு கூடப் பழகறான்னு. ஆரு வந்தாங்கறீங்க? ஜெசிந்தான்னு ஒரு டிரைவிங் ஸ்கூல் அம்மா, குடையும் கையுமா. செரி, பொம்பளைதான்னு மனசு எறங்குச்சு. ஊட்டுக்கு வந்து ஷூவக் கழட்டறேன், அடுத்தது தோணுது: அந்த ஜெசிந்தாவ ஏற்பாடு பண்ணுனது ஆரு? விசாரிச்சா, மோகனசுந்தரந்தான். என்னத்தச் சொல்ல. ஒரு பக்கம் அடைச்சா இன்னொரு பக்கம் ஒழுகுது.

அதையெல்லாம் கூட விட்டுருவேன். போன ஞாயித்துக்கெழமை போன்ல பேசுனாளே, அத விட முடியல. நான் குளிச்சுட்டுத் துண்டோட வர்றேன், அவ மாடிப்படியில உக்காந்து போன்ல பேசிட்டு இருக்கா, பாய்கிட்டத்தான் போல. முதுகு காட்டி உக்காந்திருந்தா. "ரெண்டே சீட்டுத்தான் பாய். அவிய என் பக்கத்துல உக்காரோணும், அதுக்குத்தான் இத்தனையும்"னா. எங்க பக்கம் மரியாதையா ஒருத்தரச் சொல்லோணும்னா அவியன்னுதான் சொல்லுவோம், பெரியவங்களா இருக்கட்டும், வேண்டப்பட்டவங்களா இருக்கட்டும், அவிய வந்தாங்க, அவிய போனாங்க. என்ற காதுல அந்த அவிய காச்சுன எண்ணெயாட்ட எறங்குது. அதோட நிறுத்தல. "அவியளுக்கு இடது முட்டி மடங்காதுங் பாய், வெளிய சொல்ல மாட்டாங்க. கதவு நல்லா அகலமாத் தொறக்கோணும், காலு நீட்ட எடம் வேணும்"ங்கறா. கால்ல பிளேட் வெச்சவன் நம்ம சொந்தத்துல ஆரு இருக்கா? ஒருத்தன்தான் இருக்கான். அவன் எந்தக் கால மடக்கறான், எந்தக் கால நீட்டறான்னு வரைக்கும் இவளுக்குக் கணக்குத் தெரியுது. என்ற முட்டி ஆறு மாசமாச் செத்துக் கெடக்குது, அது தெரியல. துண்டோட அங்கியே நின்னேன், தலையில இருந்து தண்ணி சொட்டுது. அவ திரும்பிப் பாத்துட்டு, "ஏனுங், தலையத் துவட்டாம நிக்கறீங்க, சளி புடிச்சுக்கும்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. எத்தனை நடிப்பு!

இப்பக் கூடப் பாத்துட்டேதான் இருக்கேன், மோகனசுந்தரம் எந்தக் கால நொண்டறான்னு. மஞ்ச வண்டியில ஏறறான், எறங்கறான், சுத்தி வர்றான். வலது காலு. வலது காலத்தான் லேசா இழுக்கறான். அப்ப இடது முட்டின்னு சொன்னாளே? எதுக்கால இருந்து பாத்தா இடம் வலம் மாறித்தான தெரியும்? ஆமா, அதான். கண்ணாடியில பாத்தா மாறும். ஆனா இது கண்ணாடி இல்லியே, நேரா நிக்கறான். தூ, என்ன பொழப்பு இது, அடுத்தவன் நொண்டறத எண்ணிட்டு உக்காந்திருக்கறது. காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சொல்லுவாங்க. என்ற நேரம், எதுக்கால நிக்கற வண்டியும் நெசமாலுமே மஞ்சளாத்தான் நிக்குது. அவன் அந்த மஞ்சளத்தான் எடுக்கச் சொல்றான், இஞ்சின் தங்கம், கியரு வெண்ணெய், இது மாதிரி அமையாதுங்கறான். அவ மாட்டேங்கறா. கதவத் தொறந்து தொறந்து பாக்கறா, சீட்டத் தள்ளித் தள்ளிப் பாக்கறா, பர்ஸுல இருந்து துணி தைக்கற டேப்ப எடுத்து சீட்டுக்கும் முன்னாடி பலகைக்கும் நடுவுல அளக்கறா. டேப் எடுத்துட்டு வந்திருக்கா பாருங்க, ஊட்டுல இருந்து! அப்பறம் சாம்ப வண்டிக்குப் போயி அளக்கறா. அதுல நாலு விரக்கடை அதிகம் போல, மூஞ்சி மலருது. ஆருக்காக இந்த அளவு? ஐயோ, போதும்டா சாமி. எந்திரிச்சுப் போயி சத்தம் போட்டுரலாமான்னு இருக்குது. என்னன்னு சத்தம் போடறது? டேப்புல அளக்காதன்னா?

மணி ஒண்ணு அஞ்சு. எனக்குப் பயமாத்தான் இருக்குது, கோவம்னு சொல்றது எல்லாம் வெளிவேசம். அவ என்னைய விட்டுப் போட்டு எங்கயும் ஓடிப் போக மாட்டா, அது தெரியும். ஓடறதுக்கு என்ன, ஞாயித்துக்கெழமை காலையில போயி மத்தியானம் சோத்துக்கு வந்துருவா. ஆனா அந்த மூணு மணி நேரம் நான் இல்லாத எடத்துல கண்ண மூடிச் சிரிச்சுட்டு வருவாளே, அப்பறம் வாரம் பூரா என் கூட இருக்கறது எது? அவ ஓட்டறப்பப் பக்கத்துல உக்காரச் சொன்னா நானும் உக்காருவேன்தான். ஆனா என்னை ஏன் சொல்லப் போறா? என் வண்டியில அவ உக்காந்த லட்சணம் எனக்குத் தெரியாதா. நான் ஓட்டுன காலத்துல முன்னாடி எங்கம்மா, பின்னாடி அவ, ரெண்டு பசங்க, புளிசோத்துத் தூக்கு. அதுதான் முறைன்னு ஓட்டிட்டே இருந்தேன். அம்மா போயி ரெண்டு வருசம் கழிச்சு, கோபியில ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு நானும் அவளும் மட்டும் வர்றோம். பசங்க ஆஸ்டல்ல. முன் சீட்டு காலி. அவ பின்னாடிதான் உக்காந்தா. முன்னாடி வான்னு நான் சொல்லல, வரட்டுமான்னு அவளும் கேக்கல, பழக்கம். அன்னூர் தாண்டி ஒரு ஆட்டுக்குட்டி குறுக்க ஓடுச்சு. திருப்புனேன். புளியமரம். சத்தம் கூடப் பெருசா இல்ல. பின்னாடி இருந்து, "ஒண்ணுமில்லீங், ஒண்ணுமில்லீங்"னு அவ குரலு. செரி ஒண்ணுமில்லன்னுட்டு எறங்குனேன். எறங்கி என்ன பண்ணுனேன்? பானட்டப் பாத்தேன். ரேடியேட்டர் ஒழுகுதான்னு குனிஞ்சு பாத்தேன். லைட்டு ஒடைஞ்சதப் பாத்தேன். அப்பறம்தான் பின் கதவத் தொறந்தேன். அவளுக்குக் காறை எலும்பு ஒடைஞ்சு கை தொங்குது, ஒதட்டக் கடிச்சுட்டு உக்காந்திருக்கா. இது நடந்து பன்னெண்டு வருசம். அதுல இருந்து நான் ஸ்டீரிங்கத் தொடல, கண்ணு செரியில்லன்னு சொல்லிட்டுக் கனகராச வெச்சுட்டேன். அப்பவும் அவன் பக்கத்துல முன் சீட்டுல நானு, பின்னாடி அவ. வலிச்சுதான்னு இன்னைக்கு வரைக்கும் நான் கேட்டதில்ல. கேட்டா, பானட்டத்தான முதல்ல பாத்தீங்கன்னு சொல்லிருவாளோன்னு. மோகனசுந்தரமா இருந்தா முதல்ல அவளப் பாத்திருப்பான். அவ்வளவுதான் விசயம். இதுக்கு மேல என்னத்தப் பேசி என்ன.

காலு மரத்துப் போச்சு. மெதுவா எந்திரிச்சு, நொண்டறது தெரியாம, ஒரு வேனுக்கு அக்கட்டப் போயி நின்னு முட்டியத் தேச்சுட்டு இருக்கேன். வேனுக்கு இந்தப் பக்கம் நானு, அந்தப் பக்கம் அவங்க ரெண்டு பேரு. பேசறது நல்லாக் கேக்குது. "அம்மிணி, சாம்பலே எடுக்கறதுன்னா எடு, இஞ்சினும் செரியாத்தான் இருக்குது. இன்னும் எதுக்கு வெய்யில்ல நிக்கறது, டோக்கனக் குடுத்துட்டுப் போலாமல்ல? நீதான் ராகுவும் கேதுவும் கெடையாதுன்னு பசங்களுக்குப் பாடம் எடுத்தவளாச்சே"ங்கறான். அவ சொல்றா: "இல்லீங் மச்சான், அவிய பாப்பாங்க. அவியளுக்கு ராகு காலம் ஆகாது. ஒன்றரை வரைக்கும் பொறுங்க." நான் முட்டியில கைய வெச்சபடி நின்னுட்டேன். மச்சான்னு அவனக் கூப்புட்டா. அவன்கிட்டப் பேசறப்பவே அவியன்னு வேற ஒருத்தரச் சொல்றா. எதுக்கால நிக்கறவனப் போயி ஆராவது அவியன்னு சொல்லுவாங்களா? எதுக்கால இருந்தா நீங்க. இல்லாதவங்கதான் அவிய. அப்ப அவிய ஆரு? ராகு காலம் பாக்கறவன் இங்க ஆரு இருக்கா? பாய் பாக்க மாட்டாரு. அவன் பாக்க மாட்டான். கண்ணாடியப் பாக்கெட்டுல வெச்சுட்டுக் கண்ணாடியத் தேடுன ஒருத்தன்தான் பாப்பான். அட கெரகமே! இருபத்தெட்டு வருசமா என்ற பேர அவ சொன்னதில்ல. பீரியாடிக் டேபிள்ல நூத்திச் சொச்சம் பேர ஒரே மூச்சுல ஒப்பிப்பா, சென்னியப்பன்னு ஒரு பேரு மட்டும் வாயில வராது. எனக்கு முன்னாடி ஏனுங்கன்னுதான் கூப்புடுவா. எனக்குப் பின்னாடி என்னன்னு சொல்லுவான்னு நான் எந்தக் காலத்துல கேட்டேன்? என்னைப் பத்தி அவ பேசற எடத்துல நான் இருக்க மாட்டேனே. அவிய நானு. அவிய என் பக்கத்துல உக்காரோணும். அவியளுக்கு இடது முட்டி மடங்காது, வெளிய சொல்ல மாட்டாங்க. என்ற முட்டிதான் அது. பதினேழு நாளா நான் பல்லக் கடிச்சது என்னைப் பாத்தேதான். என்ற மேல நானே பொறாமைப்பட்டிருக்கேன். இத எவன்கிட்டப் போயிச் சொல்றது, சொன்னா கிரைண்டர் வாங்க வர்றவன் கூடச் சிரிப்பான்.

ஒன்றரை ஆயிருச்சு. "ஏனுங்"னு கூப்புட்டா. நான் வேனுக்குப் பின்னாடி இருந்து திருடனாட்ட வந்தேன். "மணி ஆச்சுங். உங்க கையால டோக்கனக் குடுங்க. அதுக்கு முன்னாடி ஒருக்கா இதுல உக்காந்து பாருங், மடங்குதான்னு." என்ன மடங்குதான்னு கேட்டேன், அப்பவும் வீம்பு. "முட்டிங்"னா. "எப்பத் தெரியும் உனக்கு?" "தைல வாசம் ஆபீஸ்ல இருந்து ஊடு வரைக்கும் வருதுங். எனக்குத் தெரியாதாக்கும்." சாம்ப வண்டிக் கதவத் தொறந்து புடிச்சா. நல்லா அகலமாத் தொறந்துச்சு. வலது காலு, அப்பறம் இடுப்பு, அப்பறம் இடது கால ரெண்டு கையாலயும் தூக்கி உள்ள வெச்சேன், மோகனசுந்தரம் பாத்தா பாத்துட்டுப் போறான்னு. நீட்டுனேன். நீண்டுச்சு. நாலு விரக்கடை மிச்சம் கூட இருந்துச்சு. டோக்கனப் பாய் கையில குடுத்தேன், அவரு, "மேடம் மூணு வாரமாக் கேட்டது இந்த ஒண்ணுதான் சார், மைலேஜ் கூடக் கேக்கல"ன்னு சொல்லிச் சிரிச்சுட்டே, ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வாங்கன்னு அவ கையில சாவியக் குடுத்தாரு. அவ சுத்தி வந்து ஸ்டீரிங்குக்கு முன்னாடி உக்காந்து சேலை முந்தானையச் சொருகுனா. இத்தனை பக்கத்துல வண்டிக்குள்ள அவ இருந்து நான் பாத்ததில்ல. "எதுக்குச் சாந்தா இந்த வண்டி, நெசத்தச் சொல்லு"ன்னேன். "பின் சீட்டு இல்லீங்களே"ன்னா. "அதுக்கு இத்தனையா?" சாவியத் திருகிட்டே சொன்னா, "இருபத்தெட்டு வருசமா வண்டியில ஏறுனா உங்க பொடனியத்தானுங் பாத்துட்டு வந்தேன். முடி வெட்டி விடறவனாட்ட அதுல ஒவ்வொரு மசுரும் எனக்குத் தெரியும். மூஞ்சியப் பாத்துட்டு ஒருக்காப் போலாம்னு ஆசை." நான் என்ற பொடனியத் தடவிப் பாத்துக்கிட்டேன்.

கேட்டுக்கிட்டப் போறோம், மோகனசுந்தரம் நடுவுல வந்து ரெண்டு கையையும் விரிச்சுட்டு நிக்கறான், அதே மாதிரி, முடி மட்டும் நரைச்சிருக்குது. "முறைக்காரனுக்கு மரியாதை இல்லாம வண்டி நகராது பங்காளி"ங்கறான். அவ ஹாரன அமுக்குனா பாருங்க, நாலு தெரு கேட்டிருக்கும். "நகருங் மச்சான், ஓட்டறது நானு!" அவன் சிரிச்சுட்டே விலகி, குனிஞ்சு என் பக்கத்துக் கண்ணாடியில தட்டி, "பத்தரமா உக்காந்துட்டுப் போங்க பங்காளி"ன்னான். பாத்தேன். அந்தாளு கண்ணுல தண்ணி நிக்குது. வெய்யிலுக்கா, எதுக்குன்னு தெரியல. சம்சாரம் இல்லாத ஆளு. பாவம்னு நெனச்சேன், இந்தத் தடவ நெசமாலுமே நெனச்சேன். அதே நேரத்துல, பெங்களூர்ல இருந்து அடுத்த மாசம் எங்க பொண்ணு வந்தா, அம்மா கூட நான் ஒரு ரவுண்டு போறேன்னு இந்த சீட்டுல ஏறி உக்காந்துக்குவாளேன்னும் நெனச்சேன். காய்ச்சல் அத்தனை லேசுல எறங்குமா.

அவிநாசி ரோட்டுக்கு வந்ததும் கூரைய மடிச்சு விட்டா. அறுபது. எழுபது. கீழ் ஒதட்டக் கடிச்சுட்டு ஓட்டறா, அது அவ பழக்கமா புதுசான்னு எனக்குத் தெரியல. முன்னாடி ஒரு லாரி பிரேக் போட்டான். என்ற ரெண்டு காலும் தானா எந்திரிச்சு இல்லாத கிளட்சையும் பிரேக்கையும் அமுக்குச்சு, இடது முட்டியில சுருக்குன்னு ஏறுச்சு. "பயமா இருக்குதுங்களா?"ன்னா. "ஒண்ணுமில்ல"ன்னேன். சொன்ன பொறவுதான் அந்த வார்த்தை என்ற காதுலயே விழுந்துச்சு. அவ ஒரு நொடி திரும்பி என்ற மூஞ்சியப் பாத்தா, கால் பக்கம் பாத்தா, வேகத்தக் கொறைச்சு இடது ஓரமா வந்துட்டா. முந்தானை விலகி அந்தக் காறை எலும்பு மேடு தெரியுது, ஒட்டுன எடம் சித்தத் தூக்கலா. பன்னெண்டு வருசமாத் தொண்டையில கெடந்தது அப்படியே வெளிய வந்துருச்சு. "சாந்தா, அன்னைக்கு வலிச்சுதா?" என்னைக்குன்னு அவ கேக்கல. ரோட்டப் பாத்துட்டே கியரை மாத்துனா. "நெம்ப வலிச்சுதுங்"ன்னா.